வந்த குருவியை எண்ணி வைப்போம்

பயிர்க்கடன் எப்படி நிர்ணயமாகிறது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுதோறும் ஒரு தொழில்நுட்பக் குழு கூடும். நெல்லுக்கு ஏக்கருக்கு இவ்வளவு, கரும்புக்கு இவ்வளவு, மணிலாவுக்கு இவ்வளவு என்று கடன் அளவைத் தீர்மானிக்கும். உழவு, விதை, நடவு ஆள் கூலி, உரம், பூச்சிமருந்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி இருக்கும். வங்கியில் இருந்த காலத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எத்தனையோ மனுக்களைப் பார்த்திருக்கிறேன். பூச்சிமருந்துக்கு அதில் ஒரு வரி உண்டு. பூச்சியைத் தின்ன வருகிற குருவிக்கு வரி கிடையாது. கூலி கேட்காத ஆளுக்கு யார் கணக்கு எழுதுவாங்க?

கூலி கேட்காத அந்த ஆட்கள் நம் கடலூர் மாவட்டத்துக்கு வந்து இறங்குகிற காலம் புரட்டாசியும் ஐப்பசியும். பழைய தமிழ்க் கணக்கில் கார் முடிந்து கூதிர் பிறக்கிற நேரம். சம்பா நாற்று கைக்கு வரும்போது குருவிகளும் வந்துவிடுகின்றன. பங்குனி வெயில் ஏறினதும் வடக்கே திரும்பிவிடுகின்றன. ஆறேழு மாதம் நம் வயலிலும் வரப்பிலும் வேலியிலும் புழு பூச்சி தின்று பிழைக்கிற இந்தச் சின்னப் பறவைகள் எத்தனை வருது, எந்த வருஷம் கூடுது, எந்த வருஷம் குறையுது என்பதற்கு நம் ஊர்களில் எழுதி வைத்த கணக்கு இல்லை. விடிகாலையில் வயலில் நிற்பவர்கள் நாம்தான். அதனால் அந்தக் கணக்கை எழுத வேண்டியவர்களும் நாம்தான். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

வருவது யார்?

வலசைப் பறவை என்றதும் வேடந்தாங்கல், நாரை, வாத்து என்றுதான் நினைப்பு ஓடும். நம் பக்கம் வீராணம் ஏரி, பெருமாள் ஏரி, பிச்சாவரம் எல்லாம் இருப்பதால் நீர்ப்பறவைகளைப் பற்றி ஓரளவு பேச்சு உண்டு, ஆய்வும் உண்டு. பிச்சாவரத்து நீர்ப்பறவைகளைப் பற்றி மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் 1996-லேயே வெளிநாட்டு ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அவற்றை அல்ல. உள்ளங்கைக்குள் அடங்குகிற பாடும் பறவைகளை. ஏரிக்கு நாரை வருவது ஊருக்கே தெரியும். வேலிக்குள் 12 கிராம் குருவி வருவது யாருக்கும் தெரியாது.

முதல் ஆள் தகைவிலான். தகைவு என்றால் தடை, இளைப்பு. இளைப்பாறாமல் பறந்துகொண்டே இருப்பதால் பொருத்தமான பெயர்தான். முதுகு நீலக்கருப்பு, தொண்டை செங்கல் நிறம், அடிவயிறு வெளுப்பு, வால் கவட்டை மாதிரி பிளந்திருக்கும். இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கும் வடக்கே ஆசியாவின் உள்நாடுகளிலிருந்தும் வருகிறது. காலையில் மின்கம்பியில் வரிசையாக உட்காரும். வெயில் ஏறினதும் நெற்பயிருக்கு ஒரு முழம் மேலே தாழப் பறந்து, பறக்கிற பூச்சியை வாயால் அள்ளும். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியது உழவாரன். உழவாரம் என்றதும் நம் திருவாமூரில் பிறந்த அப்பர் பெருமான் கைப்படை நினைவுக்கு வரும். அந்தப் பறவை இறக்கையை அரிவாள் மாதிரி வளைத்துப் பறக்கும், கம்பியில் உட்காரவே உட்காராது. கம்பியில் உட்கார்ந்தால் தகைவிலான் என்று எழுதுங்க.

இரண்டாவது மஞ்சள் வாலாட்டி. சேறடிக்கும்போதும் ஏர் ஓட்டும்போதும் பின்னாலேயே ஓடிவந்து, கிளறிய மண்ணில் புழு பொறுக்கும். வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். பறக்கும்போது அலை மாதிரி ஏறி இறங்கும். நம் வரப்பிலேயே வருஷம் முழுக்க இருக்கிற வெண்புருவ வாலாட்டி கருப்பு வெள்ளையாகப் பெரிதாக இருக்கும். அது உள்ளூர் ஆள், தனியாக எழுதணும்.

மூன்றாவது பழுப்புக் கீச்சான். கிழக்குச் சைபீரியா, மங்கோலியா, சீனப் பகுதிகளில் முட்டையிட்டு, இங்கே குளிர்காலத்துக்கு வருகிறது. கண்ணுக்குக் குறுக்கே கருப்புப் பட்டை, கொக்கி மூக்கு, கரகரவென்று திட்டுகிற குரல். ஒரு கருவேல முள்ளையோ நொச்சிப் புதரையோ பிடித்துக்கொண்டால் அந்த இடத்தை விட்டுத் தராது. வெட்டுக்கிளியும் பிள்ளைப்பூச்சியும் இதற்கு உணவு.

நான்காவது பிளித் நாணல் கதிர்க்குருவி. பார்ப்பது அரிது, கேட்பது எளிது. வேலிப் புதருக்குள்ளிருந்து நாக்கைச் சப்புக்கொட்டுகிற மாதிரி 'டக்... டக்' என்று ஒரு சத்தம் வந்தால் அதுதான். எடை ஏறக்குறைய 12 கிராம். பித்தளை நிறத்து ஐந்து ரூபாய் காசு இரண்டைக் கையில் வைத்துப் பாருங்க, அவ்வளவுதான் ஆள். பின்லாந்து முதல் ரஷ்யா, நடு ஆசியா வரை கூடு கட்டுகிற இந்த இனம் குளிர்காலத்துக்கு நம்பி வருவது இந்தியாவையும் இலங்கையையும்தான்.

இவை தவிர, ஒரு நாள் இரண்டு நாள் தங்கிப் போகிறவை உண்டு. கொடிக்கால் வாலாட்டி என்று ஒன்று. வெற்றிலைக் கொடிக்கால் மாதிரி நிழல் அடர்ந்த இடத்தில் தரையில் மேயும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது பக்கவாட்டில் ஆட்டும். ஆறுமணிக் குருவி இன்னொன்று. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பல வண்ணம் கொண்டது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். வட, மத்திய இந்தியக் காடுகளில் கூடு கட்டித் தெற்கே வருகிறது. ஐப்பசியில் களைத்துப்போய் வீட்டுத் திண்ணையிலும் கொல்லையிலும் விழுந்து கிடப்பது இதுதான்.

ஏன் காலை நேரம்?

இந்தச் சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பயணம் செய்கின்றன. இருட்டில் பருந்து, வல்லூறு பயம் இல்லை. காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கும். நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப் புலத்தையும் வைத்து வழி பார்க்கின்றன. விடியும்போது கீழே எது தெரிகிறதோ அங்கே இறங்கும். இறங்கினதும் பசி. அதனால் சூரியன் உதித்து முதல் இரண்டு மணி நேரம் ஓடி ஓடி மேயும், அழைப்புக் குரலும் அப்போதுதான் அதிகம். எட்டரை மணிக்கு மேல் புதருக்குள் ஒடுங்கிவிடும். தகைவிலானும் வாலாட்டியும் மட்டும் பகலில் பயணம் செய்கிறவை.

பாடும் பறவை என்றாலும் இங்கே பாட்டு கேட்காது என்பதையும் சொல்லிவிடணும். பாட்டு பெரும்பாலும் கூடு கட்டுகிற ஊரில்தான். இங்கே ஒற்றை ஒற்றை அழைப்புதான். காது அதற்குப் பழகணும்.

நம் இடத்தின் முக்கியத்துவம் வேறு. வாடைக்காற்றோடு கிழக்குக் கரையை ஒட்டி இறங்குகிற பறவைகளில் ஒரு பங்கு நமக்குத் தெற்கே கோடியக்கரை வரை போய், அங்கிருந்து கடலைத் தாண்டி இலங்கைக்குப் போகிறது. சிதம்பரத்திலிருந்து கோடியக்கரை நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் வலை கட்டிப் பறவைகளுக்குக் கால் வளையம் மாட்டி வருகிறார்கள். சாலிம் அலி நேரடியாக ஈடுபட்ட இடம் அது. கோடியக்கரையில் கடல் தாண்ட நிற்கிற ஒரு கதிர்க்குருவியோ ஆறுமணிக் குருவியோ அதற்கு முந்தின நாள்களில் எங்கே சாப்பிட்டிருக்கும்? கடலூர் முந்திரித் தோப்பிலும், புவனகிரி பக்கத்துத் தோட்டத்திலும், காட்டுமன்னார்கோயில் வயல் வேலியிலும் சாப்பிட்டிருக்கலாம். கடல் தாண்டத் தேவையான கொழுப்பை உடம்பில் சேர்த்துக்கொள்ள வழிச்சாப்பாடு நம்மிடம் இருக்கணும்.

2011 டிசம்பர் 30-இல் அடித்த தானே புயலில் நம் மாவட்டத்துப் பலாவும் முந்திரியும் எப்படிச் சாய்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். மரக்கணக்கு எடுத்தார்கள், நிவாரணக் கணக்கு எடுத்தார்கள். அந்த மரங்களில் இறங்கிக்கொண்டிருந்த குருவிக்குக் கணக்கு இல்லை. புயலுக்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று இன்று கேட்டால் நம் ஊர்களில் பதில் சொல்ல ஆள் இல்லை.

எண்ணுவது எப்படி?

இந்தியாவில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே எளிய முறையைத்தான் சொல்கிறார்கள். குறைந்தது 15 நிமிடம். பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் எழுதணும். காக்கா, மைனாவை விடக்கூடாது. ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணணும், முடியாவிட்டால் நெருங்கிய மதிப்பீடு. இதோடு உழவருக்கு ஏற்ற மாதிரி சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வாரம் ஒரே நாள், ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்க. புரட்டாசி முதல் தேதியில் ஆரம்பித்துக் கார்த்திகை வரை போனாலே போதும். நோட்டில் முதலில் தேதி, ஆரம்பித்த மணி, முடித்த மணி, காற்று வாடையா கொண்டலா, மழை, பயிரின் நிலை எழுதணும். கண்ணுக்குத் தெரிந்ததையும் குரல் மட்டும் கேட்டதையும் பிரித்து எழுதணும். பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதக்கூடாது, 'தெரியாத சிறு குருவி 2' என்று எழுதுவதே நேர்மையான பதிவு. பக்கத்து ஆள் நேற்றுப் பார்த்தது உங்கள் நோட்டில் ஏறக்கூடாது. போன வாரம் இருந்து இந்த வாரம் இல்லாததற்குப் பூஜ்யம் போடணும். பூஜ்யம்தான் பல பேர் விட்டுவிடுவது. வங்கியில் இருப்பு இல்லாத கணக்கையும் பேரேட்டிலிருந்து தூக்கிவிட முடியாது, அதே மாதிரிதான்.

கூட்டத்தை எண்ணுவதற்குக் கம்பம்தான் துணை. மொத்தக் கம்பியையும் பார்த்து நூறு இருக்கும் என்று சொல்லக்கூடாது. ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் இடையில் உள்ளதை எண்ணி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகணும். பறக்கிற கூட்டம் என்றால் பத்து பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டத்தை அளக்கணும். எண்ணி முடிப்பதற்குள் கூட்டம் எழும்பிவிட்டால் அதுவரை எண்ணியதை மட்டும் எழுதி, 'எழும்பிவிட்டது' என்று குறித்துவிடுங்க.

குமராட்சி பக்கம் என் மூன்றரை ஏக்கரில் ஐப்பசியில் ஒரு நாள் எழுதியதை மாதிரிக்குத் தருகிறேன்.

காலை 6.10 முதல் 6.40 வரை. லேசான வாடை, மழை இல்லை. சீரகச் சம்பா, நட்டுப் பன்னிரண்டாம் நாள்.
தகைவிலான்: நான்கு இடைக்கம்பி, 16, 21, 9, 18. மொத்தம் 64.
மஞ்சள் வாலாட்டி: 11, பக்கத்து வயல் சேறடிப்பில்.
பழுப்புக் கீச்சான்: 1, நொச்சி வேலி.
நாணல் கதிர்க்குருவி: 3, குரல் மட்டும்.
மாங்குயில்: 1, புங்க மரம்.
கொடிக்கால் வாலாட்டி: 0.
உள்ளூர் ஆட்கள்: கரிச்சான் 5, வெண்புருவ வாலாட்டி 2, மைனா 14, காக்கை 9, உண்ணிக்கொக்கு 22.

இவ்வளவுதான். அரை மணி நேரம், அரைப் பக்கம். இருநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கம்பியும் வரப்பும் எண்ணலாம். கைப்பேசி உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மெர்லின் என்ற இலவசச் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொல்வதை அப்படியே எழுதாமல், பறவையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு எழுதணும். இ-பேர்ட் என்ற தளத்தில் பதிந்தால் அது உலகக் கணக்கில் சேரும்.

"முன்ன கம்பியே தெரியாது"

அன்று நடவு விட்டுப்போன இடத்தில் நாற்று ஊன்ற வந்த ஒரு பாட்டியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னா பேங்க் சார், கரண்டு கம்பிய எண்ணிகிட்டு நிக்கிறீங்க?"

"கம்பிய இல்ல ஆயா, குருவிய."

"அது நாத்து வுடுற காலத்துல வரும், பங்குனியில போயிடும். இதுல எண்ண என்னா இருக்கு?"

"குறையுதா கூடுதான்னு தெரியணும்ல?"

"கொறைஞ்சிதான் போச்சி. முன்னல்லாம் கம்பியே தெரியாது சார், அவ்ளோ ஒக்காரும்."

"முன்னன்னா எப்ப ஆயா?"

"எம்மவன் பள்ளிக்கூடம் போனப்ப."

ஆயா சொன்னது பொய் இல்லை. எந்தப் புத்தகமும் படிக்காமல் அந்தப் பறவை வருகிற மாதம், போகிற மாதம் இரண்டையும் சரியாகச் சொன்னவர் அவர். ஆனால் 'அவ்ளோ' என்பதை இன்றைய 64-உடன் எப்படி ஒப்பிடுவது? அந்த வயதுள்ளவர்கள் இருக்கும்வரை அந்த ஞாபகம் இருக்கும். அவர்களுக்குப் பிறகு, இன்று பிறக்கிற குழந்தைக்கு 64-தான் 'அவ்ளோ' என்று ஆகிவிடும். பிறகு அது 20 ஆனாலும் யாருக்கும் உறைக்காது. எழுதி வைப்பதன் அவசியம் அங்கேதான் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் 'முன்ன' எந்த வருஷம், எந்த வயல், எந்தக் குருவி என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் அவர்கள் சொன்னபடியே எழுதி வைக்கலாம்.

எண்ணியவர்கள் கண்டது

எண்ணி வைத்தவர்களிடம் பதில் இருக்கிறது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, முப்பதாயிரம் பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடிப் பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. 942 இனங்களை ஆராய்ந்தார்கள். நீண்டகாலப் போக்கைச் சொல்லுமளவுக்குத் தரவு இருந்தது 338 இனங்களுக்கு மட்டும்தான். அவற்றில் 204 குறைந்திருக்கின்றன, 98 நிலையாக உள்ளன, 36 கூடியுள்ளன. பூச்சி தின்னும் பறவைகளும், நெடுந்தூரம் வலசை வருகிறவையும் கூடுதலாக அடிபட்டிருக்கின்றன. நம் தகைவிலானும் கீச்சானும் கதிர்க்குருவியும் இந்த இரண்டு வகையிலும் சேர்கிறவை. 942-இல் மீதி 600-க்கு மேற்பட்டவற்றுக்கு நீண்டகாலப் போக்கைச் சொல்லத் தரவு போதவில்லை என்பதையும் கவனிங்க.

ஐரோப்பாவில் 28 நாடுகளில் 37 ஆண்டுகள் தொடர்ந்து 170 இனங்களை எண்ணிய கணக்கு 2023-இல் வெளிவந்தது. வயல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. முதன்மைக் காரணமாக அவர்கள் கண்டது பூச்சிமருந்தும் உரமும் கொட்டுகிற தீவிர விவசாயத்தை.

நெதர்லாந்தில் 2014-இல் வெளியான ஆய்வு இன்னும் குறிப்பானது. இமிடாகுளோபிரிட் என்ற மருந்தை நம் கடைகளிலும் பார்த்திருப்பீங்க. புகையானுக்கும் தத்துப்பூச்சிக்கும் அடிக்கிறார்கள், விதை நேர்த்திக்கும் தருகிறார்கள். அங்கே வாய்க்கால், குளத்து நீரில் அந்த மருந்து லிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்த பகுதிகளில், பூச்சி தின்னும் பறவைகள் ஆண்டுக்குச் சராசரி 3.5 சதவீதம் குறைந்துவந்தன. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. பறவைக்கு விஷம் கொடுக்க வேண்டியதே இல்லை, அதன் சாப்பாட்டை எடுத்தால் போதும் என்பது இதில் தெரிகிற செய்தி. இரண்டும் ஒத்துப்போகின்றன என்பதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்று கேட்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் கனடாவிலிருந்து வந்தது. வலசை போகும் வழியில் வயல் பக்கம் தங்குகிற ஒரு சிட்டுக் குருவி இனத்தைப் பிடித்து, விதை நேர்த்தி செய்த விதை சிலவற்றைத் தின்றால் உள்ளே போகிற அளவுக்கு இமிடாகுளோபிரிட் கொடுத்து, சின்னஞ்சிறு ரேடியோ கருவி கட்டிப் பறக்கவிட்டார்கள். கூடுதல் அளவு கொடுத்தவை சில மணி நேரத்திலேயே உடல் எடையில் 6 சதவீதம் இழந்தன. பசி எடுக்காமல் தீனியைக் குறைத்துக்கொண்டன. மருந்து கொடுக்காதவற்றைவிட 3.5 நாள் கழித்தே அந்த இடத்திலிருந்து கிளம்பின. 2019-இல் இது வெளியானது. 12 கிராம் குருவிக்கு 6 சதவீதம் என்றால் முக்கால் கிராம். நமக்கு ஒன்றுமில்லை. கடல் தாண்டப் போகிற குருவிக்கு அதுதான் வழிச்செலவு.

குருணை மருந்தைப் பற்றியும் சொல்லணும். கார்போஃபியூரான் குருணையைத் தானியம் என்று நினைத்துப் பறவைகள் பொறுக்கிச் செத்த காரணத்தால் அமெரிக்காவில் 1990-களிலேயே குருணை வடிவத்தை ஏறக்குறைய முழுவதும் நிறுத்தினார்கள். நிறுத்த முடிந்ததற்குக் காரணம், செத்த பறவையை எண்ணி எழுதி வைத்த ஆட்கள் இருந்தார்கள்.

நம் பேச்சுக்கும் ஒரு சோதனை

இயற்கை வயலில் பறவை அதிகம் என்று நாம் கூட்டங்களில் சொல்கிறோம். நம்மாழ்வார் ஐயா படித்தது நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான். கேள்வி கேட்காமல் எதையும் ஏற்காதீங்க என்று ஊர் ஊராகச் சொல்லிப் போனவர் அவர். அவர் வழியில் வந்தவர்கள் நம் சொந்தப் பேச்சையும் கேள்வி கேட்கணும்.

அதற்கு எளிய வழி உண்டு. உங்கள் வயலில் 15 நிமிடம், மருந்தடிக்கிற பக்கத்து வயலில் 15 நிமிடம் எண்ணுங்க. இரண்டும் ஏறக்குறைய ஒரே பரப்பு, ஒரே பயிராக இருக்கட்டும். ஒரு வாரம் உங்கள் வயலில் முதலில், அடுத்த வாரம் அவர் வயலில் முதலில். மரம், வேலி, கம்பி எந்தப் பக்கம் அதிகம் என்று எழுதி வைங்க, ஏனென்றால் வித்தியாசம் மருந்தால் இல்லாமல் மரத்தாலும் வரலாம். ஒரே வருஷத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. ஒரு மழை, ஒரு புயல், வடக்கே கூடு கட்டும் நாட்டில் ஒரு வறட்சி, எதுவும் அந்த வருஷத்து எண்ணிக்கையை மாற்றும். நம் ஆள் ஒருவர் எண்ணுவது சின்னத் தரவு. இருபது ஊரில் இருபது பேர் ஐந்து வருஷம் எண்ணினால் அது ஒரு கல்லூரி ஆய்வாளர் கேட்டு வாங்கிப்போகிற தரவு. எண்ணிக்கை நமக்குச் சாதகமாக வராவிட்டாலும் அதை அப்படியே எழுதணும். பக்கத்து வயல்காரரையும் கூட அழைத்து எண்ணுங்க. வாதம் பண்ணி மாறாதவர், தன் வயலில் தானே எண்ணியதைப் பார்த்து யோசிக்கலாம்.

குருவிக்கு இடம் விடுவது

எண்ண ஆரம்பித்தால் குருவி எங்கே உட்காருது என்பது தானாகத் தெரிந்துவிடும். கீச்சானுக்கு முள்வேலி வேணும். கம்பி வேலி போட்டாலும் ஒரு பக்கத்தில் நொச்சி, கிளுவை, ஆடாதோடை விடுங்க. கதிர்க்குருவிக்கு வாய்க்கால் ஓரத்து நாணலும் புதரும் வேணும். தூர் வாரும்போது இரண்டு கரையையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல், ஒரு கரையை அடுத்த வருஷத்துக்கு விட்டுவைக்கலாம். நட்ட வயலில் பறவை தாங்கிக் குச்சிகள் ஊன்றினால் கரிச்சானும் கீச்சானும் உட்கார்ந்து இலைச்சுருட்டுப் புழுவையும் வெட்டுக்கிளியையும் பார்த்துக்கொள்ளும். கதிர் பால் பிடிக்கும்போது குச்சிகளைப் பிடுங்கிவிடணும், இல்லாவிட்டால் தானியம் தின்கிறவை வந்து உட்காரும்.

எல்லாக் குருவியும் எல்லா நேரமும் நமக்கு நல்லது செய்யும் என்று சொல்ல மாட்டேன். இளஞ்சிவப்பு உடம்பும் கருப்புத் தலையுமாகக் கூட்டம் கூட்டமாக வருகிற சோளக்குருவி இருக்கிறதே, கம்பு, சோளம் போட்டவர்களுக்கு அது தொல்லைதான். அதே பறவை கூடு கட்டுகிற நடு ஆசியாவில் வெட்டுக்கிளியைத் தின்று வாழ்கிறது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் 1980-களிலிருந்து அதற்காகவே கல்லடுக்கிக் கூட்டிடம் கட்டிக் கொடுத்து வரவழைக்கிறார்கள், மருந்துச் செலவு குறைகிறது என்று. நம் ஊரில் விரட்டப்படுகிற பறவைக்கு அந்த ஊரில் வீடு. இரண்டு ஊர்க் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பறவையின் வரவு செலவு புரியும்.

உலக வலசைப் பறவைகள் நாள் அக்டோபர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை வருகிறது. அது புரட்டாசிக் கடைசி. நவம்பரில் சாலிம் அலி பிறந்த நாளை ஒட்டி ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. இந்த மூன்று நாள்களிலும் நம் இயக்கத்து உழவர்கள் தங்கள் வயலிலிருந்து ஒரு பதிவாவது தந்தால், ஏரிகளும் சரணாலயங்களும் நிறைந்த அந்தப் பட்டியல்களில் நெல் வயலுக்கும் ஒரு வரி கிடைக்கும்.

இந்த வருஷம் எழுதுவது ஆரம்ப இருப்பு மட்டும்தான். அது இல்லாமல் அடுத்த வருஷத்து வரவும் இல்லை, பற்றும் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அட்டையில் ஊர் பேர், வயல் பேர், சர்வே எண் எழுதி, உள்ளே முதல் தேதியைப் போட்டு வைங்க. மழை இல்லாத காலையாகப் பார்த்து ஆறு மணிக்கு வரப்புக்குப் போங்க. முதலில் கம்பியைப் பாருங்க.